சமையலறைச் சுருள் தாள்கள் வீணாவது பற்றி

வணக்கம். ஒட்டும் நெகிழித்தாளை இழுக்கும்போது சுருளே பெட்டியை விட்டு வெளியே வந்துவிடுவதாகவும், முனை சுருளோடு ஒட்டித் தொலைந்துபோவதாகவும், புளியோதரை சுற்றிய அலுமினியத் தாளில் ஓட்டைகள் விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பெட்டியின் இரு பக்கவாட்டிலும் பாதி வெட்டிய சிறு அட்டை மடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல பெட்டிகளில் இருக்கும் அதை விரலால் உள்ளே அழுத்தினால், அது அட்டைக்குழாயின் வாய்க்குள் நுழைந்து சுருளைப் பிடித்துக்கொள்ளும். (நானே பல ஆண்டுகள் இதைக் கவனித்ததில்லை.) தொலைந்த முனையை நகத்தால் சுரண்டினால் தாள் நீளவாக்கில் கீறிவிடும் என்பதால், செலோ டேப் துண்டொன்றைச் சுருளின்மேல் ஒட்டி, சுற்றிய திசைக்கு எதிராக மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழிக்கும்போது பெட்டியை மூடிப் பிடித்து, பல்விளிம்பின் ஓர் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்பு ஈரமாக இருந்தால் தாள் ஒட்டாது. எவர்சில்வரைவிடக் கண்ணாடியிலும் பீங்கானிலும் அது நன்றாக ஒட்டும்.

ஓட்டைகளுக்குத் தாளின் தரத்தைக் குறை சொல்ல இயலாது. புளியின் அமிலமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கின்றன. எலுமிச்சைச் சாதத்துக்கும் தக்காளித் தொக்குக்கும் இதே கதிதான். அவற்றுக்குத் தணலில் வாட்டிய வாழையிலையே பொருத்தம். குளிர்பெட்டியில் ஓரிரவு வைக்கும் குழம்புக்கோ, ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாலே போதும்.