மீன் மேல் கோடு போட்ட ஓவியர்

கேள்வி: ஜீப்ரா மீனின் உடம்பில் இவ்வளவு நேர்த்தியாகக் கோடு போட்ட ஓவியர் யார்? கோட்டுக்கான ஜீனைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஓவியர் என்று ஒருவர் இருந்திருந்தால் கூலி கேட்டிருப்பார், வால் பக்கம் கையெழுத்தும் போட்டிருப்பார். அந்தத் தோலில் வேலை செய்வது, தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே சுவரில் கட்சிப் பெயரை எழுதி இடம் பிடித்துவிடும் தொண்டர் படை. படையில் மூன்று கட்சிகள்: கருநிறமிச் செல்கள், மஞ்சள் நிறமிச் செல்கள், வெள்ளியாக மினுங்கும் செல்கள். மூன்றுமே கருவின் முதுகுப் பக்கத்தில் நரம்பு முகடு என்னும் செல் திரளிலிருந்து வந்த ஒரே வம்சம். ஆகவே சண்டைக்குக் குறைவில்லை.

முதலில் சுவரைப் பிடிப்பது மினுங்கும் கட்சி. உடலின் பக்கவாட்டில் நடுவே, மேல் தசையையும் கீழ்த் தசையையும் பிரித்து ஓடும் தடுப்பை ஒட்டி அது வெளிப்பட்டு ஒரு வெளிர்பட்டையை அமைக்க, அதற்கு மேலும் கீழும் கருஞ்செல்கள் திரள்கின்றன. மீன் வளர வளர அடுத்தடுத்த பட்டைகள் சேர்கின்றன. மஞ்சள் செல் தன் நீட்சியால் தொட்டால் கருஞ்செல் விலகி ஓடும், மஞ்சள் செல் பின்னாலேயே துரத்தும். ஜப்பானில் ஷிகேரு கோண்டோவின் குழுவினர் இதை ஆய்வகத் தட்டில் வைத்தே பார்த்தார்கள். இத்தகைய உள்ளூர்த் தகராறுகளிலிருந்தே ஒழுங்கான உருவங்கள் தோன்ற முடியும் என்று கணித மேதை ஆலன் டூரிங் 1952-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

பரிணாமம் கைவைக்கும் இடம் இங்கேதான். புதிய வண்ணமோ புதிய தூரிகையோ அதற்குத் தேவையில்லை. யார் எப்போது வருகிறார் என்பதை மாற்றினால் போதும். ஜீப்ரா மீனின் உறவினமான முத்து டேனியோ என்ற மீனில் மஞ்சள் செல்கள் சீக்கிரமே, பரவலாக முளைத்துவிடுவதால் மற்ற இரு கட்சிகளும் அணிதிரள முடியாமல் கலைந்துபோகின்றன. அந்த மீனுக்குக் கோடே இல்லை. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பரிச்சியின் குழுவினர் ஜீப்ரா மீனிலும் மஞ்சள் செல்களை முன்கூட்டியே வரவழைத்துப் பார்த்தபோது அதன் கோடுகளும் அவ்வாறே குலைந்தன.

கோட்டுக்கான ஜீன், கோபத்துக்கான ஜீன், குடிக்கான ஜீன் என்று தலைப்புப் போடும் பத்திரிகைகளோடு எனக்குள்ள பழைய பகை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். மியான்மரில் ஈஸ்குலாபி என்றொரு டேனியோ இருக்கிறது. அதன் பட்டைகள் படுக்கையாக ஓடாமல் செங்குத்தாக நிற்கின்றன. ஜீப்ரா மீனும் ஈஸ்குலாபியும் கலந்து பிறந்த மீனுக்குச் சாதாரணமாக ஜீப்ராவின் கோடுகளே வரும். அதில் ஜீப்ராவின் வழி வந்த ஒரு ஜீனைச் செயலிழக்கச் செய்து, ஈஸ்குலாபியின் பிரதியை மட்டும் விட்டுவைத்தபோது கோடுகள் சிதைந்தன என்று ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். அந்த ஜீன் செய்வது செல்லின் சவ்வில் பொட்டாசியம் போய்வரும் ஒரு வாசலை அமைப்பது. அவ்வளவுதான், கோடு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. சிறுத்தை டேனியோவின் உடலில் கோடு புள்ளிகளாக உடைந்ததற்குக் காரணமும் அண்டைச் செல்களுக்கு இடையிலான இன்னொரு வாசலில் நேர்ந்த பழுதுதான். அந்தப் புள்ளி மீனை 1963-இல் தனி இனம் என்று பெயர் சூட்டி அறிவித்தே விட்டார்கள். அது ஜீப்ரா மீனின் திரிபு என்று பிறகுதான் தெளிவானது.

பொட்டாசியம் வாசலுக்கான அதே ஜீன் மனிதருக்கும் உண்டு. அது பழுதானால் நமக்குக் கெடுவது கண்பார்வை. தலைப்பு எழுதும் நண்பர்கள் இதை என்ன ஜீன் என்று அழைப்பார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.