ஃபேன் ஓடுகிறது, காற்று வரவில்லை!

(சுரங்கக் காற்றோட்டத்திலும் சுரங்கப்பாதைக் கட்டுமானத்திலும் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கே: பூமிக்கு அடியில் காற்று அனுப்ப ஒரு பொறியாளர் எதற்கு? பெரிய ஃபேனாக ஒன்று வாங்கி மாட்டினால் போதாதா?

ப: வேலையில் சேர்ந்த புதிதில் என் எண்ணமும் ஏறக்குறைய அதுதான். 1,200 மீட்டர் வரை தோண்டியிருந்த ஒரு சுரங்கப்பாதை. வாயிலில் ஃபேன். அதிலிருந்து 1.4 மீட்டர் விட்டமுள்ள துணி டக்ட் (காற்றுக் குழாய்) ஒன்று கூரையோரமாகத் தொங்கிக்கொண்டே கடைசிவரை போகும். பாறையை உடைத்துக்கொண்டு போகிற அந்தக் கடைசி முனையை நாங்கள் ஃபேஸ் என்போம். வாயிலில் வினாடிக்கு 20 கன மீட்டர் காற்று உள்ளே போகிறது. வழியில் கசிவது போக 17 ஃபேஸுக்கு வந்துசேரும் என்று நான் கணக்குப் போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தேன். ஆனால் வெடி வைத்து ஒரு மணி நேரம் கழிந்தும் புகை விலகவில்லை என்று ஆட்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய் அளந்து பார்த்தால் 8.

ஃபோர்மேன் வயதானவர், அதிகம் பேசமாட்டார். "கணக்கெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. காத்துதான் அதைப் படிக்கலை" என்றார். அப்புறம் என்னை டக்ட்டுக்கு அடியிலேயே ஃபேஸிலிருந்து வாயில்வரை நடத்திக் கூட்டிவந்தார். லாரியின் பின்பெட்டி உரசிக் கிழித்த இடம், வெடித்த கல் பாய்ந்து பொத்தல் விழுந்த இடம், இரண்டு துண்டுகளை இணைக்கும் ஜிப் பாதியில் நின்ற இடம். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு சத்தம் இருக்கிறது: சிலது சீறும், சிலது படபடக்கும். எண்ணினோம், 31. இன்னோர் இடத்தில் தண்ணீர்க் குழாயைத் தாங்கும் இரும்புக் கொக்கி டக்ட்டை இடுப்பில் கயிறு கட்டியதுபோல் பாதியாக இறுக்கியிருந்தது. இரண்டு பேர் ஒரு நைட் ஷிஃப்ட் முழுக்கத் தைத்து ஒட்டினார்கள். காலையில் அளந்தேன், 15.

அதற்குள் மேலாளர் இன்னொரு ஃபேனுக்கு ஆர்டர் எழுதி வைத்திருந்தார். அதைத்தான் உங்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரே குழாயில் காற்றை இரண்டு மடங்கு ஓட்ட நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். மின்சாரம் எட்டு மடங்கு. பெரிய ஃபேன் வாங்கி மாட்டினால் கிழிசல் வழியாகப் பெரிய காற்று போகும், அவ்வளவுதான்.

கே: முதலில் நிலக்கரிச் சுரங்கம், பிறகு சுரங்கப்பாதை என்று மாறியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வேலைதானா?

ப: அளக்கிற கருவி ஒன்றுதான், தலைவலி வேறு. சுரங்கம் என்றால் காற்று ஒரு குழி வழியாக இறங்கி, கிலோமீட்டர் கணக்கில் சுற்றி, இன்னொரு குழி வழியாக ஏற வேண்டும். அந்தச் சுற்று பல பத்தாண்டுகளுக்கு வளர்ந்துகொண்டே போகும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. வினாடிக்கு 100 கன மீட்டர் ஓட்டும் ஃபேன் ஒரு நிமிடத்தில் 7 டன்னுக்கு மேல் காற்றை நகர்த்துகிறது. பல சுரங்கங்களில் வெளியே வரும் நிலக்கரியைவிட உள்ளே போய்வரும் காற்றின் எடைதான் அதிகம்.

தோண்டிக்கொண்டிருக்கும் சுரங்கப்பாதை அப்படியல்ல, ஒரு பக்கம் அடைத்த முட்டுச்சந்து. எதிர்ப்பக்கம் திறக்கும்வரை அந்த டக்ட்தான் மூக்கு, வாய் எல்லாம்.

ஆனால் இரண்டு தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்கு அடியில் ஹாலண்ட் சுரங்கப்பாதையைக் கட்டியபோது, இத்தனை கார்களின் புகையை எப்படி வெளியேற்றுவது என்று யாருக்கும் தெரியாது. பிட்ஸ்பர்க் அருகே இருந்த ஒரு சோதனை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வட்டப்பாதை அமைத்து, கார்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, கார்பன் மோனாக்சைடை அளந்துதான் பதில் கண்டுபிடித்தார்கள். 1927இல் திறந்தபோது அதற்கு 84 ஃபேன்கள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறியது. தலைமைப் பொறியாளர் கிளிஃபர்ட் ஹாலண்ட் அதைப் பார்க்கவில்லை. 1924இலேயே இறந்துவிட்டார். அடுத்து வந்தவரும் மறு ஆண்டே காலமானார். மூன்றாவதாகப் பொறுப்பேற்று முடித்தவர் ஓலே சிங்ஸ்டாட். காற்றோட்ட ஏற்பாட்டை வடிவமைத்தவரும் அவரே.

கே: சுரங்கப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். காற்றோட்டத் துறைக்கு வர எந்த மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும்?

ப: மென்பொருள் மூன்று வாரத்தில் வந்துவிடும், அவசரமில்லை. ஜான் அட்கின்சன் 1854இல் எழுதிய சமன்பாடுதான் அதற்குள்ளும் ஓடுகிறது: அழுத்த இழப்பு என்பது பாதையின் தடையையும் காற்றோட்ட அளவின் வர்க்கத்தையும் பெருக்கி வருவது. நான்கைந்து கிளை உள்ள ஒரு சுற்றையாவது கையால் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் திரையில் தப்பான எண் வந்தால் மனதில் உறுத்தும்.

இதைவிட முக்கியமானது அளக்கக் கற்றுக்கொள்வது. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் சிறிய காற்றாடி. புதிதாக வருகிறவர்கள் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நிற்பார்கள். காற்று உங்கள் உடம்பைச் சுற்றிக்கொண்டு போகும், கருவி உங்களைத்தான் அளக்கும். பக்கவாட்டில் திரும்பி நின்று கையை முழுக்க நீட்ட வேண்டும். சுவரோரத்தில் காற்று மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் போவதால், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று ஒரே சீராக, சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி கையை ஓட்டி முழுக் குறுக்குவெட்டையும் ஒரு நிமிடத்தில் மூட வேண்டும். மூன்று முறை செய்யுங்கள். மூன்றும் ஒன்றையொன்று ஒட்டி வராவிட்டால் நான்காவது முறை. காற்று கருவிக்குச் சிக்காத அளவு மெதுவாக இருந்தால் புகைக்குழலை அழுத்தி ஒரு கொத்துப் புகை விட்டு, அது இரண்டு மீட்டர் போக எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்போம். சில இடங்களில் புகை எங்கேயும் போகாமல் உங்கள் முகத்துக்கு முன்னாலேயே தொங்கும். அதை ஒருமுறை பார்த்தவன் டக்ட் நுனியை ஃபேஸிலிருந்து தள்ளி வைக்கமாட்டான்.

கே: என் கணவர் சுரங்கப்பாதை வேலையில் பாறை துளையிடுகிறார். ஆறு மாதமாக வறட்டு இருமல். மாஸ்க் போடுகிறேன் என்கிறார். பயப்பட வேண்டுமா?

ப: அம்மா, முதலில் டாக்டரிடம் போங்கள். போகும்போது "இருமல்" என்று மட்டும் சொல்லாமல் "பாறையில் துளை போடுகிற வேலை, இத்தனை வருஷம்" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலை என்னவென்று தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்ற எக்ஸ்ரேயும் நுரையீரல் சோதனையும் எழுதுவார்.

கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத சிலிகாத் துகள்தான் நுரையீரலின் அடிவரை போய் உட்கார்ந்து தழும்பாக்குகிறது. அந்தத் தழும்பு ஆறாது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில் 1930, 31இல் சிலிகா நிறைந்த பாறையை உலர்ந்தபடியே துளைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சில ஆண்டுகளுக்குள் செத்துப்போனார்கள்.

கணவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். துளை போடும்போது டிரில் வழியாகத் தண்ணீர் போகிறதா, அல்லது அவசரத்தில் தண்ணீரை மூடிவிட்டு அடிக்கிறார்களா? டக்ட் அவர் நிற்கும் இடம்வரை வருகிறதா? மூன்றாவது, அவருக்குத் தாடி உண்டா? சிரிக்காதீர்கள். முகத்தோடு ஒட்டி மூடுகிற மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவில் நான்கு நாள் முடி இருந்தால் தூசி அந்த இடுக்கு வழியாகவே போகும். போட்டும் போடாத மாதிரிதான். வேலை உடையை வீட்டுக்குக் கொண்டுவந்து உதறவும் விடாதீர்கள்.

கே: சுரங்கத்துக்குள் கேனரி பறவையைக் கொண்டுபோனது நிஜமா?

ப: நிஜம்தான். 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஆய்வாளர், சுரங்க வெடிவிபத்துகளில் வெடியால் சாகிறவர்களைவிட அதன் பிறகு பரவும் கார்பன் மோனாக்சைடால் சாகிறவர்களே அதிகம் என்று காட்டினார். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிறிய பறவை வேகமாக மூச்சு விடுவதால் மனிதனுக்கு முன்பே தள்ளாடும். பிரிட்டனில் 1986வரை இந்த வழக்கம் இருந்தது. சில கூண்டுகளின் மேல் சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று இருக்கும்; பறவை சாய்ந்ததும் கதவை மூடி ஆக்சிஜனைத் திறந்து பிழைக்க வைப்பார்கள். என் காலத்தில் எல்லாம் இடுப்பில் தொங்கும் மீட்டர்தான். அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை.

கே: ஆழம் போகப் போக வெப்பம் கூடும் என்கிறார்கள். எவ்வளவு?

ப: பாறை சூடு என்பது எல்லோருக்கும் தெரியும். தென்னாப்பிரிக்காவின் எம்போனெங் தங்கச் சுரங்கம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையே 60 டிகிரிக்கு மேல். பனிக்கட்டியைக் கூழாக்கிக் கீழே அனுப்பிக் குளிர்விக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கப்பாதையில் பாறை 45 டிகிரியைத் தொட்டது. ஆள் வேலை செய்யும் இடத்தில் 28க்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்துக் குளிரூட்டினார்கள்.

பலருக்குத் தெரியாதது, இறங்குகிற காற்று தானாகவே சூடாகும் என்பது. கீழே போகப் போக அழுத்தம் கூடுகிறது; சைக்கிள் பம்பின் அடிப்பகுதி சூடாவது போலத்தான். உலர்ந்த காற்றுக்கு 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி. ஃபேன், லாரி, பாறை எதுவும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்கு உண்டு.

கே: பயந்த நாள் உண்டா?

ப: ஃபேன் நிற்கும்போதெல்லாம். உள்ளே இருக்கும்வரை அந்த இரைச்சல் காதில் விழுவதே இல்லை. ஒருநாள் ராத்திரி மின்சாரம் போய் அது நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, விறைப்பாக இருந்த டக்ட் வாயிலிலிருந்து ஒவ்வொரு வளையமாகத் தளர்ந்து, பழைய துணி மாதிரி தொங்கியது. தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அத்தனை மாதத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. யாரும் எதுவும் பேசாமல் கருவிகளை அப்படியே போட்டுவிட்டு நடந்தோம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் பயம் வேறு மாதிரி. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை கலந்தால் வெடிக்கும். காற்றைவிட லேசானது, கூரைப் பள்ளங்களில் பதுங்கும். வெளியே வானிலை மாறி வளிமண்டல அழுத்தம் சட்டென்று இறங்கினால், பழைய கைவிட்ட பகுதிகளிலிருந்து அது ஊறி வரும். அதனால்தான் எங்கள் அலுவலகச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பாரோமீட்டர் தொங்கியது. ஒருமுறை மீத்தேன் மீட்டர் வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போனது, பாரோமீட்டரோ அசையவில்லை. தேடிப் போனால், அடுத்தடுத்து இருக்கும் காற்றுக் கதவுகள் இரண்டும் திறந்தே நிற்கும்படி மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. ஒன்று மூடியிருக்கும்போதுதான் மற்றதைத் திறக்க வேண்டும்; இரண்டும் திறந்தால் காற்று குறுக்கே பாய்ந்து வெளியேறிவிடும், உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்றும் போகாது. தள்ளுவண்டியோடு ஒவ்வொரு முறையும் நின்று திறக்கச் சோம்பல்பட்டு யாரோ செய்த வேலை. கோபம் வந்தது. ஆனால் கட்டையை எடுத்து மூடிவிட்டு, அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். அழுத்தத்தில் அது அசையவே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. திட்டுவதை நிறுத்திவிட்டு, அழுத்தத்தை முதலில் சமப்படுத்த அதில் ஒரு சின்னத் தட்டியை வெட்டி வைக்கச் சொன்னேன். அப்புறம் அங்கே கட்டையைப் பார்த்ததில்லை.

கே: மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். பெண்களை உள்ளே விடுவார்களா?

ப: 1935இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்தது. பிற்பாடு பல நாடுகள் அதிலிருந்து விலகிவிட்டன. என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே மிகச் சுத்தமாக அளந்தவர் ஒரு பெண்தான். மகள் போகட்டும்.

கே: நாங்கள் காரில் போகும்போது சுரங்கப்பாதைக்குள் தீப்பிடித்தால் என்ன செய்வது?

ப: 1999 மார்ச்சில் பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கப்பாதையில் ஒரு லாரி எரிந்து 39 பேர் இறந்தார்கள். பலர் தங்கள் வண்டிக்குள்ளேயோ அதன் அருகிலேயோ இறந்துகிடந்தார்கள். புகை முதலில் கூரையை ஒட்டி ஓடும், கீழே சிறிது நேரம் காற்று தெளிவாகவே இருக்கும். அதைப் பார்த்து நேரம் இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். ஆறிய புகை திடீரென்று கீழே இறங்கும். ஆகவே முன்னால் தீ தெரிந்தால் வண்டியைத் திருப்பப் பார்க்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். பச்சை விளக்கில் ஓடும் மனிதன் படம் போட்ட பலகை எந்தப் பக்கம் அருகில் இருக்கிறதோ அங்கே நடங்கள். பைக்காகத் திரும்பி வரவேண்டாம்.