மூன்றாவது பேட்டரி வாங்கும் முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வண்டியின் மின்கோளாறு பற்றியவைதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய வரிகளையும் வெட்ட வேண்டியதாயிற்று, இல்லையென்றால் இடம் போதாது.

கேள்வி: 18 வருடப் பழைய கார். இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்தினால் மூன்றாம் நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. ஒரே வருடத்தில் இரண்டு புதுப் பேட்டரி போட்டாகிவிட்டது. கடைக்காரர் இப்போது வேறு கம்பெனி பேட்டரி போடச் சொல்கிறார். எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: எந்தக் கம்பெனியும் வேண்டாம். உங்களிடம் இரண்டு முறை பேட்டரி விற்றவர் ஒரு முறையாவது மீட்டர் வைத்துப் பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். ஓட்டைக் குடத்தோடு போனவருக்கு மறுபடியும் தண்ணீர் விற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். வண்டி பூட்டி நிற்கும்போதும் கடிகாரம், ரேடியோ, ரிமோட் லாக் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் பயமில்லை. 50 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவை இந்த அலகில்தான் சொல்வார்கள்); நல்ல பேட்டரி இரண்டு வாரம் தாங்கும். ஆனால் டிக்கிக்குள் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும், நாளொன்றுக்குப் 10 ஆம்பியர்-அவர். உங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-அவர் என்றால் இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. மூன்றாம் நாள் காலை நடப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்படி அடிக்கடி அடிமட்டம் வரை இறங்கினால் தகடுகளில் சல்பேட் உறைந்துபோகும். புதுப் பேட்டரியும் சில மாதத்தில் சாவதற்கு அதுதான் காரணம்.

கசிவை வீட்டிலேயே பிடிக்கலாம். முதலில் பேட்டரியை வெளியே சார்ஜரில் முழுசாக ஏற்றுங்கள். ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும், 35-க்கு 3.5 ஆம்பியர். ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். முழுசாக ஏற்றிய பிறகும் இரவில் தானாக இறங்கினால் பேட்டரியே போய்விட்டது, கசிவைத் தேடுவதில் பயனில்லை.

சார்ஜ் இறங்காமல் நின்றால், பேட்டரியை வண்டியில் மாட்டுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். பானட் திறந்திருக்கும், அதற்கு விளக்கு இருந்தால் பல்பைக் கழற்றிவிடுங்கள். கதவை எல்லாம் சாத்துங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். முதலில் பெரிய எண் காட்டும். அரை மணி நேரம் பொறுங்கள்; உள்ளே இருக்கும் மின்னணுப் பெட்டிகள் தூங்க அவ்வளவு நேரமாகும். பலர் இங்கேதான் அவசரப்பட்டு இல்லாத கோளாறைக் கண்டுபிடிக்கிறார்கள். மீட்டர் நடுவே இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

எண் 50 மில்லி ஆம்பியருக்கு (10 ஆம்பியர் அளவில் மீட்டர் 0.05 என்று காட்டும்) மேலேயே நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் சட்டென்று விழுகிறதோ, கசிவு அந்தச் சர்க்யூட்டில். குளோவ் பாக்ஸ் விளக்கு, டிக்கி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பின்னாளில் மாட்டிய அலாரம், டிராக்கர் என்று அதற்குள் தேடுங்கள். ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் ஆள்.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் எண் விழவில்லையா? எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை (ஆல்டர்னேட்டர்) சந்தேகப்படுங்கள். அதன் தடித்த ஒயர் பெரும்பாலும் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாகப் போவதில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டு டைனமோ பின்னாலுள்ள அந்த ஒயரை எடுத்து, முனையில் டேப் சுற்றி, திரும்ப அளந்து பாருங்கள். எண் விழுந்தால் உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கசிகிறது. டயோடு பிளேட்டை மட்டும் தனியாக மாற்றலாம். முழு டைனமோவையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள், உஷார்.

இனி எந்தக் கடையிலும் பேட்டரி மாற்றச் சொன்னால் மூன்று அளவுகளைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்: நிற்கும்போது வோல்ட், எஞ்சின் ஓடும்போது வோல்ட், பூட்டிய வண்டியின் கசிவு மில்லி ஆம்பியரில். எழுத மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

கேள்வி: பேட்டரியில் அளவு குறைந்துவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: கூடாது. ஆவியாவது தண்ணீர், ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், அதுவும் சார்ஜ் ஏற்றிய பிறகு.

கேள்வி: சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் பேட்டரி ஆயுளைக் கூட்டும் என்று விளம்பரம். வாங்கலாமா?

பதில்: என் மேசை டிராயரில் ஒன்று கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு சின்ன கெப்பாசிட்டரும் நீல எல்இடியும். சாவி எடுத்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் வரும் வண்டியில் அந்த எல்இடி இரவெல்லாம் எரியும். பேட்டரியைக் காப்பாற்ற வந்தது பேட்டரியைத் தின்னும்.

கேள்வி: போன மாதம் புது மியூசிக் சிஸ்டம் போட்டேன். அதிலிருந்து பேட்டரி இறங்குகிறது. போட்ட கடையில் ‘இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை’ என்கிறார்கள்…

பதில்: சம்பந்தம் இருக்கிறது. உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள். செட்டின் பின்னால் வழக்கமாக ஒரு மஞ்சள் ஒயர், ஒரு சிவப்பு ஒயர் இருக்கும். மஞ்சளுக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், நினைவகத்துக்காக. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்தில் சேர வேண்டும். அவசர வேலையில் இரண்டையும் முறுக்கி ஒரே இடத்தில் கட்டிவிடுவார்கள். சாவி எடுத்தாலும் செட் உள்ளுக்குள் விழித்தே இருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதுவும் சேர்ந்து விழித்திருக்கும். செட்டை வெளியே இழுத்து, சாவியை எடுத்துவிட்டுச் சிவப்பு ஒயரில் மீட்டர் வையுங்கள். 12 வோல்ட் காட்டினால் அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கூலி கொடுக்காமல் சரிசெய்து வாங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேள்வி: 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போனது. 30 போட்டேன், ஃபியூஸ் போவது நின்றுவிட்டது. இப்போது லேசாகக் கருகல் வாசனை வருகிறது. சென்ட் பாட்டில் எது நல்லது?

பதில்: கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்தேன். ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. 15-க்கு ஏற்ற ஒயரில் 30 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் உருகும். இன்றே 30-ஐப் பிடுங்குங்கள். சரிசெய்யும் வரை அந்தச் சர்க்யூட் வேலை செய்யாமலே கிடக்கட்டும்.

ஷார்ட் எங்கே என்று தேட, ஃபியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும். ஒயர் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு மங்குகிறதோ, அங்கேதான் ஒயர் உரசி வெளியே தெரிகிறது. கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய், டிக்கி மூடியின் கீல், சீட் நகரும் தண்டவாளத்தின் அடி ஆகிய இடங்களை முதலில் பாருங்கள்.

கேள்வி: சாவி போட்டால் ‘டக்’ சத்தம் மட்டும். பேட்டரி நன்றாக இருக்கிறது என்றார்கள். செல்ஃப் மோட்டாரை மாற்றினார்கள், அதே நிலை. இப்போது டைனமோவை மாற்ற வேண்டுமாம். கடன் வாங்கித்தான் செலவு செய்கிறேன்.

பதில்: நிறுத்துங்கள், இனி ஒரு பொருளும் வாங்காதீர்கள். செல்ஃப் சுற்றாததற்கு, நன்றாக ஏறியிருக்கும் பேட்டரி இருக்கும்போது, டைனமோ காரணமாக இருப்பது மிக அபூர்வம். அப்படிச் சொன்னவரிடம் வண்டியைத் திரும்ப விடாதீர்கள்.

எனக்கு எர்த் மீதுதான் சந்தேகம். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் இணைப்பது பின்னல் போட்ட ஒரு எர்த் பட்டை. பழைய வண்டியில் அதன் போல்ட் அடியில் துரு ஏறியிருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈய முனையிலேயே வையுங்கள், கிளிப்பில் அல்ல. இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை. அதே மாதிரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே 0.5-க்கு மேல் போகக் கூடாது. மீட்டர் இல்லையா? ஜம்ப் கேபிள் ஒன்றை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குக் கொடுங்கள். செல்ஃப் சுற்றிவிட்டால் விடை கிடைத்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாவதும் இதற்கு ஒரு அறிகுறி. எர்த் கிடைக்காத கரண்ட் அந்த வழியாகப் போகிறது.

போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் எமரி தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்குங்கள். பட்டை நைந்திருந்தால் மாற்றுங்கள். செல்ஃப் மோட்டாரோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. கழற்றிய பழைய செல்ஃப் மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள். அது நன்றாக வேலை செய்தால் உங்கள் புகாருக்கு அதுவே சாட்சி.

கேள்வி: எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா?

பதில்: தவறு. வோல்டேஜ் திடீரென்று எகிறி டயோடும் கன்ட்ரோல் யூனிட்டும் சாகும். ஒயரைத் தொடாமல் மீட்டர் வைத்தாலே போதும்: 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும்.

கேள்வி: பேட்டரிக்கு 36 மாத வாரண்டி என்றார்கள். 20-வது மாதத்தில் செத்தது. பாதிப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கார்டின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பல கார்டுகளில் 36 என்பது 18-ம் 18-ம் சேர்ந்தது. முதல் பாதியில் இலவச மாற்று, பிறகு விலையில் தள்ளுபடி மட்டும். அந்தத் தள்ளுபடியை அச்சிட்ட விலையில் கழிப்பார்கள், நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலையில் அல்ல. அதனால் புதிதாக வருபவர் கேட்டு வாங்கும் விலைக்கும் உங்கள் ‘வாரண்டி’ விலைக்கும் பல நேரம் வித்தியாசமே இருக்காது. இரண்டையும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். வாங்கும்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும், கார்டைக் கவரிலிருந்தே எடுக்காமல் வைத்திருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். மின்சார விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பணம் கொடுக்கும் முன் கேட்ட ஒரே ஆள் நீங்கள். ‘நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். பேட்டரியில் 12.4 வோல்டுக்குக் கீழ் இருந்தால் பேரத்தில் பேசுங்கள். சாவியை ஒரு படி திருப்பியதும் டேஷ்போர்டில் பேட்டரிச் சின்னம் போட்ட விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம், வேண்டுமென்றே கழற்றியும் இருக்கலாம். பல பழைய வண்டிகளில் அந்தப் பல்பு வழியாக வரும் கரண்ட்டில்தான் டைனமோ விழிக்கிறது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் 9.6-க்குக் கீழ் விழக் கூடாது. பிறகு ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டுச் சற்று ஆக்ஸிலரேட்டர் கொடுத்து அளந்தால் 13.5-க்கு மேல் நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது.

கடைசியாக டார்ச் எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் குனியுங்கள். ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸுக்குப் பதில் செருகிய சிகரெட் பெட்டியின் பளபளப்புத் தாள், முறுக்கி டேப் சுற்றிய ஒயர்கள், கால் வைக்கும் மேட்டின் அடியில் ஈரம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விற்பவர் சொல்லும் ‘ஒயரிங் எல்லாம் பக்கா’வை நம்பாதீர்கள். மூன்றும் தெரிந்தால் வேறு வண்டி பாருங்கள்.