ஊசி போட்ட பிறகும் ஐஜிஇ ஏறுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஆஸ்துமாவுக்காக மூன்று மாதமாக ஒமலிசுமாப் ஊசி போடுகிறோம். இரவு இருமல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் ரத்தத்தில் மொத்த ஐஜிஇ 310 இருந்தது, இப்போது 1,100. மருந்து எதிர்மாறாக வேலை செய்கிறதா? நிறுத்திவிடலாமா?
- வாசகி ஒருவர்

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. இந்த மருந்தை எழுதத் தொடங்கிய காலத்தில் இப்படி ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து நானும் கலங்கியிருக்கிறேன். அதனால் உங்கள் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஐஜிஇ என்பது அலர்ஜியைத் தூண்டும் ஆன்டிபாடி. ஒமலிசுமாபும் ஒரு ஆன்டிபாடிதான். ரத்தத்தில் தனியாகத் திரியும் ஐஜிஇயை அது பிடித்துக்கொள்கிறது. தனி ஐஜிஇ இரண்டு மூன்று நாளில் பாதியாகக் குறைந்துவிடும். மருந்தோடு சேர்ந்த ஐஜிஇ அவ்வளவு சீக்கிரம் வெளியேறாது. சாதாரணப் பரிசோதனை இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. எண் ஏறியதற்குக் காரணம் இவ்வளவுதான்.

உண்மையான மாற்றம் அந்தப் பரிசோதனையில் தெரியாத இடத்தில் நடக்கிறது. மூக்கு, நுரையீரல், தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள், ரத்தத்தில் ஓடும் பேசோஃபில்கள் ஆகிய அலர்ஜி செல்களின் மேற்பரப்பில் ஐஜிஇ வந்து அமர ஏற்பிகள் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஏற்பிகளில் உள்ள ஐஜிஇக்களைத் தூசியோ மகரந்தமோ ஒரே நேரத்தில் பற்றி இணைத்தால் செல், அலர்ஜித் தொல்லைகளை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும்.

இந்த ஏற்பிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பதும் ஐஜிஇதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு வியப்பாக இருக்கும் விஷயம் இது. ஆள் குடியில்லாத வீடு சீக்கிரம் பாழாகும் என்போமே, அதேபோல ஐஜிஇ அமராத ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது. ஐஜிஇ அமர்ந்த ஏற்பி மேற்பரப்பிலேயே நிலைத்து நிற்கும். புது ஏற்பிகள் வந்துகொண்டே இருப்பதால், ஐஜிஇ அதிகம் உள்ளவர்களுக்கு அவை குவிந்துகொண்டே போகும். தனி ஐஜிஇயைப் பிடித்துவிட்டால் எல்லாம் தலைகீழாகும். 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று மாத சிகிச்சையில் ஒரு பேசோஃபிலில் சுமார் 2,20,000 ஆக இருந்த ஏற்பிகள் சுமார் 8,300 ஆகக் குறைந்தன. அவ்வளவு இடைவெளி விழுந்த பிறகு தூசியால் இரண்டைச் சேர்த்துப் பிடிப்பது கடினம். உங்கள் மகன் இரவில் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திசுக்களில் நீண்ட நாள் வாழும் மாஸ்ட் செல்களில் இந்தக் குறைவு மெதுவாகத்தான் வரும். அதனால்தான் மருந்து பலன் தருகிறதா என்று 16 வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். ஊசியை நிறுத்தினால் தனி ஐஜிஇ திரும்பும், ஏற்பிகளும் திரும்பும். இன்ஹேலரையும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

அப்புறம், சிகிச்சைக்கு நடுவில் எடுத்த மொத்த ஐஜிஇயை வைத்து ஊசியின் அளவை மாற்றக் கூடாது. முதல் ஊசிக்கு முன் எடுத்த அந்த 310, அதோடு உடல் எடை, இரண்டும்தான் கணக்கு. வளரும் பையன் என்பதால் அவன் எடை கூடியிருந்தால் அதை உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டி வரலாம்.