பெரியவர் சம்பளத்துக்கு நம் ஓட்டு எதற்கு?

சிட்னிக்கு வந்த புதிதில் கம்பெனி கொஞ்சம் பங்குகள் கொடுத்தது, இப்போது ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்திருக்கிறது, அதில் மேலதிகாரிகளின் சம்பள அறிக்கைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்கிறார்கள், எதிர்த்தால் விசாவுக்குச் சிக்கலாகுமா, போட்டுத்தான் என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தம்பி. பங்குச் சந்தைக்குக் கொடுக்கும் முடிவில் மொத்தக் கணக்கு மட்டும்தான் இருக்கும், யார் எப்படிப் போட்டார் என்று வராது. இந்தத் தீர்மானத்தில் ஓட்டுப் போடக் கூடாதவர்கள் இயக்குநர்களும் உயர் நிர்வாகிகளும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும்தான். அதாவது, அந்தச் சம்பளத்தை வாங்குகிறவர்கள்.

என்ன ஆகும் என்பதுதான் நல்ல கேள்வி. சட்டப்படி இது வெறும் ஆலோசனை ஓட்டு. 90 சதவீதம் பேர் எதிர்த்தாலும் ஒரு டாலர் தானாகக் குறையாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2011ல் ஒரு கொக்கி போட்டார்கள். பதிவான ஓட்டில் 25 சதவீதம் எதிர்ப்பு வந்தால் முதல் 'ஸ்ட்ரைக்', அதாவது முதல் எச்சரிக்கை. அடுத்த ஆண்டும் அப்படியே வந்தால், இயக்குநர் குழுவையே மறுதேர்தலுக்கு அனுப்பலாமா என்று அதே கூட்டத்தில் இன்னொரு ஓட்டு. அதற்குப் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். பெரிய கம்பெனிகளில் அது தோற்பதுதான் வழக்கம். வெஸ்ட்பேக் வங்கிக்கு 2018ல் 64 சதவீத எதிர்ப்பு, 2019லும் 25ஐத் தாண்டியது, ஆனாலும் நாற்காலிகள் தப்பின.

அப்படியானால் வீண்தானே என்பீர்கள். ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் கதையைப் பாருங்கள். ஏற்கெனவே ரத்து செய்த விமானங்களுக்கு டிக்கெட் விற்றதாக நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் 2023 செப்டம்பரில் முன்கூட்டியே வெளியேறினார். நவம்பரில் மெல்போர்ன் கூட்டத்தில் சம்பள அறிக்கைக்குக் கிட்டத்தட்ட 83 சதவீதம் எதிர்ப்பு. அடுத்த ஆகஸ்டில் இயக்குநர் குழுவே ஜாய்ஸின் ஊதியத்தில் 92 லட்சத்து 60 ஆயிரம் டாலரை வெட்டியது. வழக்கு, பத்திரிகைகள், பயணிகளின் கோபம் எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனாலும் அந்த 83 இல்லாமல் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகம்தான். பொதுவாக இதன் வேலை கூட்டத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. ஸ்ட்ரைக் வாங்கக் கூடாதே என்று சேர்மன்கள் நிறையப் பங்கு வைத்திருக்கும் பெரிய முதலீட்டு நிதிகளின் வாசலுக்குப் போய் முன்னாலேயே பேசிப் போனஸ் விதிகளைத் திருத்திக்கொள்கிறார்கள்.

(நம் ஊரிலும் நடந்தது உண்டு. ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனியான ஐஷரில் 2021ல் சித்தார்த்த லாலின் மறுநியமனமும் சம்பளமும் சேர்ந்த தீர்மானத்துக்குத் தேவையான 75 சதவீதம் கிடைக்கவில்லை. சம்பள வரம்பைக் குறைத்து மறுபடி கேட்டுத்தான் வாங்கினார்கள். அங்கே அது கட்டுப்படுத்தும் ஓட்டு.)

இன்னொன்று. உங்கள் சம்பளத்தோடு 12 சதவீதம் 'சூப்பர்' என்கிற ஓய்வுக்கால நிதியில் போகிறதே, அந்தப் பணமும் பங்குகளாக ஓட்டுப் போடுகிறது. உங்கள் கையில் இருக்கும் சில நூறு பங்குகளைவிட அதன் கை நீளம். பல சூப்பர் நிதிகள் எந்தக் கம்பெனியில் எப்படி ஓட்டளித்தோம் என்று இணையதளத்தில் போடுகின்றன, ஒருநாள் தேடிப் பாருங்கள்.

ஓட்டுப் படிவத்தில் ஒரு இடம் கவனம். கட்டங்களைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் ஓட்டு கூட்டத் தலைவர் கைக்குப் போகும். அப்படி வருவதை ஆதரவாகவே போடப்போகிறேன் என்று கீழே பொடி எழுத்தில் பெரும்பாலும் அவரே சொல்லியிருப்பார். 'ஒதுங்குகிறேன்' கட்டத்தில் குறியிட்டால் கணக்கிலேயே வராது. ஆதரவோ எதிர்ப்போ, நீங்களே குறியிடுங்கள். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே சேர வேண்டும். தபாலை நம்பாமல், கம்பெனியின் பங்குதாரர் பட்டியலைப் பராமரிக்கும் பங்குப் பதிவாளரின் தளத்திலேயே போட்டுவிடுங்கள், அஞ்சு நிமிஷ வேலை.