கேட்கும் நினைவகமும் காத்திருக்கும் வரிசையும்

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகக் கிளஸ்டரில் (பலர் பகிரும் கணினித் தொகுதி), வேலைகளுக்கு முறைவைத்து இடம் ஒதுக்கும் ஸ்லர்ம் மென்பொருள் வழியாக மரபணுத் தரவை வரிசைப்படுத்துகிறேன். அதைச் செய்யும் சாம்டூல்ஸ் சார்ட் கட்டளைக்கு 4 இழைகளும் (ஒரே நேரத்தில் இயங்கும் பணிக்கூறுகள்), நினைவக அளவைக் குறிக்கும் -எம் மதிப்பாக 10 ஜிபியும் கொடுத்தேன். ஸ்லர்மிடம் 32 ஜிபி கேட்டிருந்த ஜாப் (கிளஸ்டருக்கு அனுப்பும் வேலை) நினைவகம் போதாமல் நிறுத்தப்பட்டதால், இப்போது 180 ஜிபி கேட்கிறேன். எனக்குப் பின்னால் அனுப்பியவர்களின் ஜாப்கள் முன்னரே தொடங்கிவிடுகின்றன. இது நியாயமா? – ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நிறுத்தப்பட்டதற்கான காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. -எம் என்பது மொத்த அளவு அன்று, ஒவ்வோர் இழைக்குமான அளவு. ஆகவே 4 இழைகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 ஜிபி வரை எடுக்க முயன்று, 32 ஜிபி வரம்பில் முட்டின. அம்மதிப்பை 6 ஜிபியாகக் குறைத்தால் பழைய வரம்பே போதும். தரவு அதற்குள் அடங்காதபோது சாம்டூல்ஸ் அதைத் தற்காலிகக் கோப்புகளாக வட்டில் எழுதிவைத்துப் பின்னர் இணைத்துக்கொள்ளும்.

180 ஜிபி கேட்பது உங்களுக்கும் பிறருக்கும் இழப்பு. நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும், கேட்ட அளவு முழுவதும் உங்கள் பெயரில் ஒதுக்கப்படுகிறது. 192 ஜிபியும் 40 கோர்களும் (செயலியின் கணிப்புக் கருக்கள்) உள்ள ஒரு நோடில், அதாவது கிளஸ்டரின் ஒரு கணினியில், உங்கள் ஜாப் ஓடினால், 4 இழைகளுக்கான கோர்கள் போக எஞ்சிய 36 கோர்களும் நினைவகமின்றி ஏறக்குறைய வீணாகக் கிடக்கும். அப்படியொரு நோடு காலியாகும்வரை உங்கள் ஜாப்பும் காத்திருக்க வேண்டும்.

பிந்தியவர்கள் முந்துவதில் அநியாயம் இல்லை. பேக்ஃபில் முறையில், முன்னுரிமை மிக்க ஜாப்பின் தொடக்கத்தைத் தாமதப்படுத்தாத சிறிய ஜாப்கள் இடைவெளியில் ஓட அனுமதிக்கப்படுகின்றன. நேர வரம்பை உண்மைக்கு நெருக்கமாகக் குறிப்பவர்களுக்கே அந்த வாய்ப்பு அதிகம். முன்னுரிமை மதிப்பெண்ணில் காத்திருந்த நேரத்தோடு ஃபேர்ஷேரும் சேரும்: அண்மையில் அதிகம் பயன்படுத்திய கணக்கின் மதிப்பெண் குறையும். நிர்வாகி மாற்றியிராவிட்டால், பழைய பயன்பாட்டின் எடை 7 நாளுக்கு ஒருமுறை பாதியாகும்.

ஜாப் முடிந்ததும், ஸ்லர்மின் பயன்பாட்டுப் பதிவைக் காட்டும் எஸ்அக்ட் கட்டளையில் மேக்ஸ்ஆர்எஸ்எஸ் (உச்ச நினைவகப் பயன்பாடு) மதிப்பைப் பாருங்கள். இயல்பாக 30 விநாடிக்கு ஒருமுறையே அளக்கப்படுவதால் கணநேர உச்சம் அதில் தவறக்கூடும். எனவே அதற்கு மேல் 20 சதவீதம் சேர்த்து அடுத்த ஜாப்புக்குக் கேளுங்கள்.