தனி கிளாஸ் எதற்கு?

கேள்வி: என் சாயாக்கடைக்கு வரும் லாரி டிரைவர் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று ஊரில் பேச்சு. அவருக்குத் தனி கிளாஸ் வைத்திருக்கிறேன். கடையில் கொசுவும் அதிகம். மற்றவர்களுக்குப் பரவுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: முதலில் அந்தக் கிளாஸை மற்ற கிளாஸ்களோடு சேர்த்துக் கழுவி வையுங்கள். தனிக் குவளை நம் டீக்கடைகளின் பழைய வியாதி. அதற்குப் புதுக் காரணம் தேடித் தர வேண்டாம். சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, கடையில் இப்படிப் பாகுபாடு காட்டுவது தவறு.

எச்சிலால் இது பரவாது. தொற்றும் அளவுக்குக் கிருமி இருப்பது ரத்தம், விந்து, பிறப்புறுப்பு மற்றும் ஆசனவாய்த் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில். அதுவும் இன்னொருவரின் ரத்தத்திலோ உள்சவ்விலோ போய்ச் சேர்ந்தால்தான் ஆபத்து. எச்சில் கிளாஸில் அதற்கு வழியே கிடையாது. கொசு குடித்த ரத்தம் அதன் வயிற்றுக்குப் போகிறது. கிருமி அங்கேயே செரித்து அழிகிறது. அடுத்த ஆளைக் கடிக்கும்போது கொசு உள்ளே விடுவது தன் எச்சிலைத்தான், பழைய ரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிவரை ஏறும், இது ஏறாது.

இது உண்மையில் பரவும் வழிகளான ஆணுறை இல்லாத உறவு, ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை. சாயாக்கடையில் அந்தப் பேச்சு எழாது, கிளாஸ் பேச்சுதான் எழும். அந்த டிரைவருக்குத் தொற்று இருந்தாலும், கூட்டு மருந்தைத் தினமும் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம்கூட அவரிடமிருந்து பரவாது. சலூனில் புது பிளேடு கேளுங்கள். அது முக்கியமாக, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்காக. உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது தாக்குப்பிடிக்கும் கிருமி அது.

விபத்தில் யாரையாவது தூக்கும்போது உங்கள் கைக்காயத்தில் அவர் ரத்தம் பட்டால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், பிளீச்சிங் ஊற்றாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம்தான் கெடு. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.

சோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம் கேரளத்தில் ‘ஜ்யோதிஸ்’ மையம், அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ‘நம்பிக்கை மையம்’. போன வாரம் நடந்ததற்கு இன்று சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.